நீங்கள் போடாத ஓட்டு

லாத்தா,

இன்று அஸர் தொழுதுவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பேத்தி நஸ்ரின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலேஜுக்கு ஏதோ எழுத வேண்டுமாம். பிரிட்டன் தேர்தலைப் பற்றித் தேடியவளுக்கு நீங்கள் வாழ்ந்த ஊர் தட்டுப்பட்டிருக்கிறது.

“வாப்பும்மா, இங்க பாருங்க. பெரிய வாப்பும்மாவோட தொகுதி. ஆரம்பத்துலேர்ந்து யார் யார் ஜெயிச்சாங்கன்னு ஃபுல் லிஸ்ட் இருக்கு.”

“வாசி” என்றேன்.

என் பேத்தி இங்கிலீஷ் வாசித்தால் நாலு பேர் நின்று கேட்கலாம். அவள் ஒவ்வொரு பெயராக வாசிக்க, எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. அந்தப் பெயர்கள் உங்கள் வாயில் வேறு மாதிரி இருந்தன. “கடை தொறந்த வருஷம் ஜெயிச்சவன் வழுக்கத் தலையன். அவன் மூணு தடவ வந்தான். மில்லு மூடுன வருஷம் வந்தவன் நம்ம கடைக்கு வந்து நின்னுக்கிட்டே சமோசா தின்னான்.” இப்படித்தான் நீங்கள் சொல்வீர்கள். வருடம் உங்களுக்கு நினைவிருக்காது. அந்த வருடத்தில் கடையில் எது விற்றது, தெருவில் யார் வீட்டுக் கூரை பனியில் இடிந்தது என்று அத்தனையும் நினைவிருக்கும்.

பட்டியல் முடிந்ததும் நஸ்ரின், “இதுக்கு மேல இல்ல வாப்பும்மா. முன்னாள் தொகுதின்னு போட்டிருக்கு” என்றாள். மனிதருக்குப் போடுவதுபோல் ஒரு தொகுதிக்கும் பிறந்த வருடமும் முடிந்த வருடமும் போட்டிருந்தார்கள். நான் அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். “ஏன் வாப்பும்மா அழுறீங்க?” என்று பிள்ளை பயந்துவிட்டாள். அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். உங்கள் தங்கை நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் எப்போதும்போல் சிரித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து மச்சானோடு நீங்கள் விமானம் ஏறியபோது எனக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை. நம் ஊர்ப் பெண்கள் பினாங்கும் கொழும்பும் கேள்விப்பட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் மில் ஊர் ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. முதலில் மச்சானுக்கு மில்லில் வேலை, பிறகு சொந்தக் கடை. பாஸ்போர்ட் வந்தது, ஓட்டு வந்தது. எனக்கு அது பெரிய பெருமை. “எங்க லாத்தா வெள்ளக்காரன் நாட்டுல ஓட்டுப் போடுறவ” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

உண்மை எனக்குத் தெரிந்தது நீங்கள் துபாய்க்குப் பக்கத்தில் இந்த அஜ்மானுக்கு வந்த பிறகுதான். மச்சான் மவுத்தாகி, பிள்ளையும் இல்லாமல் அந்தக் குளிரில் தனியாக இருந்த உங்களை, என் மகன்தான் தன் கம்பெனியில் விசா எடுத்து இங்கே கூட்டி வந்தான். ஒரு நாள் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது, ஓட்டுப் போடுவது எப்படி இருக்கும் என்று கேட்டேன். நீங்கள் கையை நிறுத்தாமலே சொன்னீர்கள்: “எனக்கென்ன தெரியும்? நான் போட்டதே இல்லையே.”

முதல் சில தேர்தலுக்கு மச்சான் மட்டும் போவாராம். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நீங்கள் கல்லாவில் நிற்பீர்களாம். தபாலில் ஓட்டு வர ஆரம்பித்ததும் அதுவும் சுலபமாகிவிட்டது. அவருடையது, உங்களுடையது, கூட இருந்த அவர் தம்பியுடையது, தம்பி பெண்டாட்டியுடையது என்று நாலு தாளையும் சாப்பாட்டு மேசையில் அடுக்கி, ஒரே பேனாவால் ஒரே இடத்தில் நாலு பெருக்கல் குறி. நீங்கள் கையெழுத்து மட்டும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை, வீட்டுக்கு ஒரு ஓட்டு என்பதுபோலத்தான்.

“சமோசா தின்னவன்கூட ஓட்டு யாருக்குன்னு என்கிட்ட கேக்கல புள்ள. சமோசா சுட்டது நான். அவன் மச்சானப் பாத்துத்தான் கேட்டான்” என்றீர்கள். சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அதில் உங்களுக்கு இருந்த நோவு எனக்கு உறைக்கவில்லை.

பதினைந்து வருடம் வெளியே இருந்தால் ஓட்டுரிமை போய்விடும் என்ற சட்டத்தில் உங்களுடையதும் போனது. பிறகு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று நஸ்ரின்தான் கண்டுபிடித்து, உங்களை உட்காரவைத்து ஃபாரம் நிரப்பினாள். அப்போது உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து நாலு மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகவே எழாத நீங்கள், ஃபாரம் என்றதும் எழுந்து தலையில் துணியைச் சரிசெய்து உட்கார்ந்தீர்கள்.

ஆனால் அதற்குள் உங்கள் தொகுதியையே கலைத்துவிட்டார்கள். ஊரின் நடுவே கோடு போட்டு, உங்கள் தெருவை ஒரு பக்கமும் மச்சான் அடங்கியிருக்கிற மையவாடியை மறு பக்கமும் சேர்த்துவிட்டார்கள். “நம்ம பேரையே எடுத்துட்டானுவளா?” என்று கேட்டீர்கள். பிறகு நீங்களே, “பேரு என்ன பேரு. தாளு வரட்டும்” என்றீர்கள்.

இங்கே வீட்டுக்குத் தபால் வருவதில்லை என்பதால் மகனின் ஆபீஸ் பெட்டி எண்ணைக் கொடுத்திருந்தோம். தினமும் அவன் வந்ததும், “வந்துச்சாப்பா?” அவனும், “நாளைக்கு வந்துடும் பெரியும்மா.” தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் வந்தது. அன்று பகலே கூட வந்த இன்னொரு தாளில் பிறந்த தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். ஓட்டுத் தாளை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். “இத நாளைக்குப் போடுறேன். யோசிக்கணும். என் கையால போடணும் புள்ள, மறந்துடாதே” என்றீர்கள். மறந்துடாதே என்று என்னிடம்தான் சொன்னீர்கள்.

மறுநாள் காலை வலி தாங்காமல் மருந்து கொடுத்தோம். மூன்று நாளாகத் தூங்காத நீங்கள் அப்படியே அசந்துவிட்டீர்கள். பதினோரு மணிக்கு மகன் போன் செய்தான். “உம்மா, கூரியர்காரன் கீழ வந்துடுவான். இப்ப போகலன்னா நாளு தாண்டிடும்.”

தாளை உருவி எடுத்தேன். நஸ்ரினைக் கூப்பிட்டுப் பெயர்களை வாசிக்கச் சொன்னேன். மச்சான் கட்சி எந்த வரியில் இருக்கிறது என்று அவளிடமே கேட்டேன்.

“வாப்பும்மா, அவங்கள எழுப்பலாமே. அவங்கதானே போடணும்?”

“தூங்குற உசுர எழுப்புறதா? சும்மா இரு. யார் கை போட்டா என்ன, ஒரே வயித்துல பொறந்த கைதானே.”

பேனாவைப் பிடித்தேன் லாத்தா. இரக்கத்தால் மட்டும்தான் செய்தேன் என்று சொன்னால் பொய். படித்த பேத்தி முன்னால், பிரிட்டன் தேர்தல் தாளில் இந்த ஐந்தாம் வகுப்புக்காரி குறி போடுகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது. உறையை ஒட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு நீங்கள் விழித்தீர்கள். கை நேராகத் தலையணைக்கு அடியில் போனது.

“தாளு எங்க?”

“போயாச்சு லாத்தா. கவலைப்படாதீங்க. நானே போட்டு அனுப்பிட்டேன்.”

“எங்க போட்டே?”

“மச்சான் எப்பவும் போடுற எடத்துலதான்.”

நீங்கள் கத்தவில்லை. “கோடு நேரா போட்டியா?” என்று கேட்டீர்கள். நான் அசட்டுத்தனமாக, “ஆமா லாத்தா, நேராத்தான்” என்றேன். “இத்தன வருஷமும் ஒரு ஆம்பள போட்டான். கடைசியா ஒரு பொம்பள போட்டா. முன்னேத்தம்தான்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டீர்கள். குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

முடிவு வந்த அன்று மகன் குனாஃபா வாங்கி வந்தான். “பெரியும்மா, உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு!” என்று உங்கள் வாயில் ஊட்டினான். “என் ஆளா?” என்று கேட்டு என்னைப் பார்த்தீர்கள். பிறகு மென்று விழுங்கினீர்கள். இனிப்பு அப்போது உங்களுக்குச் சேரவே சேராது. பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று விழுங்கினீர்கள்.

நீங்கள் யாருக்குப் போட நினைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. தாளில் ஒரு பெண் பெயர் இருந்தது, அவளுக்கோ. இல்லை, நன்றாக யோசித்துவிட்டு மச்சான் கட்சிக்கே போட்டிருப்பீர்களோ. வெறும் தாளாகவே மடித்து அனுப்பியிருப்பீர்களோ. எதுவானாலும் அது உங்களுடையதாக இருந்திருக்கும். கேட்டால், செய்தது தப்பென்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்று கேட்காமலே ஆறு வாரத்தைக் கடத்தினேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில், நம் வழக்கப்படி எல்லாரும் வந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம் பொருத்தம் கேட்டார்கள். மகன் கேட்டான், மருமகள் கேட்டாள். “பொறுத்தாச்சு, பொறுத்தாச்சு” என்று ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தீர்கள். என் முறை வந்தது. உங்கள் கையைப் பிடித்து, “பொறுத்துக்கங்க லாத்தா” என்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டீர்கள்: “எதுக்கு?”

வேறு யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை. என்னிடம் மட்டும்தான் கேட்டீர்கள். அறை நிறையப் பிள்ளைகள் நின்றார்கள், நஸ்ரினும் நின்றாள். என் வாய் வரவில்லை. “எல்லாத்துக்கும்தான்” என்றேன்.

நீங்கள் காத்திருந்தீர்கள். நிஜமாகவே காத்திருந்தீர்கள் லாத்தா, எனக்குத் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். கை என் தலைக்கு வரவில்லை. தெம்பு இல்லாமல் வரவில்லையா, மனம் இல்லாமல் வரவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாளை மறுமையில் நீங்கள் மறுபடியும் “எதுக்கு?” என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் யாரும் இல்லாத நேரம் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். “உங்களை எழுப்பியிருக்கலாம், எழுப்பல. உங்க கையால போட வேண்டியத...” அதற்கு மேல் இன்னும் வாய் வரவில்லை.