போர்த் தண்ணீர்

திருச்சுழிப் பக்கம் வாங்கிய இரண்டு ஏக்கரில் பிள்ளைகளோடு குடியேறி, சாப்பாட்டுக்கு வேண்டியதையெல்லாம் தாங்களே விளைவிப்பது என்று ஜெபராஜும் ஹெப்சிபாவும் முடிவெடுத்து ஒரு வருடம் ஆகிறது. நேற்று அங்கே போனபோது மகள் எஸ்தர் போர்வெல் தண்ணீரைக் குடித்ததும் துப்பிவிட்டாள். “டவுனு நாக்கு” என்று எல்லார் முன்னாலும் ஜெபராஜ் அவளை அதட்டினான். பாளையம்பட்டி வீட்டுக்குத் திரும்பியதும் அவள் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து மனைவிக்கு எழுதினான்:

“ஹெப்சி, இட்லி மாவு பொங்கி வழியுது, ஏனத்த மாத்திரு. பத்து மணிக்குக் கோழிக்குஞ்சு கொண்டு வருவாக, இப்ப வேண்டாம்னு சொல்லிரு. நம்ம போர்த் தண்ணி உப்பு. குடிக்கவும் ஆகாது, செடிக்கும் ஆகாது. டெஸ்ட் ரிப்போர்ட் ஏப்ரல்லயே வந்திருச்சு, பீரோவுல என் சட்டைக்கு அடியில இருக்கு. அதுக்கு அடுத்த வாரந்தான் நீ டீச்சர் வேலைய விட்ட. தடுத்திருக்கலாம். வெக்கத்துல வாய் வரல. இப்ப உன் ஸ்கூலுக்குத்தான் போறேன், திரும்ப எடுப்பாகளான்னு கேக்க.”

அடியில் இடுக்கி ஒரு வரி சேர்த்தான்: “எஸ்தர் மேல ஒரு தப்பும் இல்லன்னு அவகிட்ட சொல்லு.”

செருப்பை மாட்டும்போது ஹெப்சிபா அந்தத் தாளோடு வாசலுக்கு வந்தாள். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“ஸ்கூல்ல நானே கேட்டுக்கிறேன்” என்றாள். “கடைசி வரிய நீங்க உள்ள போய்ச் சொல்லுங்க. அவ முழிச்சுத்தான் கெடக்கா.”

ஜெபராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.