பையில் ஊதிய மூச்சு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு உப்பிக்கொள்கிறதாம். புளித்த ஏப்பமாம், நெஞ்செரிச்சலாம். மருந்துக்கடைக்காரர் கொடுக்கிற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குகிறாயாம். "வெறும் வாயுதான், போ" என்று நீ சொல்வதை உன் குரலிலேயே பேசிக் காட்டினார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

உன் வயிற்றில் ஒரு கிருமி குடியிருக்கலாம். இந்த ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நான் அதைத்தான் தேடுகிறேன். ஊசியும் இல்லை, குழாயும் இல்லை. ஒரு பையில் ஊதுவாய், ஒரு மருந்துத் தண்ணீரைக் குடிப்பாய், அரைமணி கழித்து இன்னொரு பையில் ஊதுவாய். கிருமி இருந்தால் உன் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும். இருந்தால் மருந்து சாப்பிட்டு விரட்டிவிடலாம். விட்டுவைத்தால் புண்ணாகும். சிலருக்கு அதைவிட மோசமாகவும் போகும்.

எங்கள் பிரிவில் ஏகப்பட்ட கூட்டம். தலைமை டாக்டரிடம் கெஞ்சி மார்ச் கடைசியில் உனக்கு ஓர் இடம் வாங்கியிருக்கிறேன். நிபந்தனை ஒன்றுதான். சோதனைக்கு முன் இரண்டு வாரம் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. அது கிருமியைக் கொல்லாது, அடக்கி மட்டும் வைக்கும். அடங்கிக் கிடக்கிற கிருமி சோதனையில் சிக்காது. எரியும்தான். பல்லைக் கடித்துக்கொள்.

உன் வாயாடி


பிப்ரவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

நீயாவது கெஞ்சுவதாவது! அந்த டாக்டரை மிரட்டியிருப்பாய், பாவம் மனுஷன்.

துறைமுகத்தில் சரக்கு குவிந்து கிடக்கிறது. கிரேன் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தால் ஷிப்ட் முடியும்வரை இறங்க முடிவதில்லை. காலடியில் கண்ணாடித் தரை. அதன் வழியே குனிந்து பார்த்தபடியே பெட்டிகளைத் தூக்க வேண்டும். இப்படி மடங்கிக் கிடந்தால் யார் வயிறுதான் எரியாது? கீழே நின்று எனக்குக் கைகாட்டுகிற தொப்பிக்காரனுக்கும் எரிகிறதாம். அவன் குனிவதே இல்லை, அது வேறு விஷயம்.

சரி, நீ சொன்னபடியே மாத்திரையை நிறுத்துகிறேன். உன் அண்ணி இப்போதே காரத்தைக் குறைத்துவிட்டாள். வீட்டில் மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான். பையன் உன்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறான்.

உன் அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை! கிருமி இல்லை! முடிவைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே கைதட்டிவிட்டேன். காத்திருந்தவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

நீ கன்னத்தை உப்பிக்கொண்டு பையில் ஊதிய அழகைச் சொல்லி இங்கே இன்னும் சிரிக்கிறார்கள். மற்றவர்களிடம் மாத்திரையைப் பற்றித் திருப்பித் திருப்பிக் கேட்டுத் துளைத்தெடுப்பேன். உன்னிடம் ஒரு தடவைதான் கேட்டேன். "நிறுத்திட்டேம்மா" என்றாய். அதற்குமேல் அண்ணனை என்ன விசாரணை செய்வது?

இது சாதாரண அஜீரணம்தான் என்கிறார் டாக்டர். வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த மாத்திரையை இனி நிம்மதியாகச் சாப்பிடலாம்.

உன் வாயாடி


அடுத்த ஆண்டு, செப்டம்பர் 14

அன்புள்ள தங்கைக்கு,

சில மாதங்களாகவே கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இளைத்தது நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். போன வாரம் கிரேன் ஏணியில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கிக் கண் இருட்டியது. தொப்பிக்காரன்தான் பிடித்து இறக்கினான். உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லி, வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள்.

வயிற்றில் கட்டி. கெட்ட கட்டிதான். உன்னிடம் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் துணுக்கில் நீ தேடுகிற கிருமியும் இருந்ததாம். நிறைய இருந்ததாம். "உங்க தங்கச்சி இல்லன்னுதானே சொன்னா?" என்று உன் அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உடம்பு சரியில்லாதவன் என்று என்னை விட்டுவிடுகிறாள். நானும் பேசாமல் படுத்திருக்கிறேன்.

உன் அண்ணன்


செப்டம்பர் 22

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அண்ணி போன் செய்துவிட்டார். "நீ ஒழுங்காப் பாத்திருந்தா என் புருஷனுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" என்று கேட்டார். அழுகிறவரிடம் என்ன வாதாடுவது?

ஆனால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நீ ஊதிய அன்று கருவி சரியாக இருந்ததா, பைகள் மாறிப் போயினவா என்று எல்லாவற்றையும் துருவிப் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. இப்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் முடிவு சொல்லும் முன் தாளை மூன்று தடவை சரிபார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண்ணிடம் "இல்லை" என்று சொல்ல வாய் வராமல் இன்னொருவரைச் சொல்லச் சொன்னேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கே இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினாயா?

உன் தங்கை


அக்டோபர் 1

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை.

நிறுத்தத்தான் செய்தேன். மூன்றாம் நாள் கூண்டில் இருக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இரும்புப் பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது, என் கை நிலைகொள்ளவில்லை. ஒரு ஆட்டம் ஆடி, தொப்பிக்காரனின் தலைக்கு மேலே போய் நின்றது. அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. அன்றைக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். லீவு கேட்டால் உடம்புக்கு என்ன என்று தோண்டித் துருவி, கிரேனை விட்டே இறக்கிவிடுவார்கள்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அவ்வளவு பாடுபட்டு வாங்கிய இடம், ஊரெல்லாம் "எங்க அண்ணன் வர்றாரு" என்று சொல்லி வைத்திருந்தாய். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை. முடிவு "இல்லை" என்று வந்ததும் நானே அதை நம்பிவிட்டேன். எனக்குச் சாதகமானதை நம்ப எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் அண்ணியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்போதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. உனக்குப் போன் செய்ய வெட்கப்படுகிறாள். நீயே செய். அவளையும் பையனையும் கூப்பிட்டுச் சோதனை செய். எரிகிறது என்று அவர்கள் அழுதாலும் மாத்திரையைக் கொடுக்காதே.

உன் அண்ணன்


டிசம்பர் 11

அண்ணா,

இதை அண்ணி உனக்குப் படித்துக் காட்டுவார். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமலே மூடிவிட்டார்கள் என்று சொன்னார். அப்போதே கிருமியைக் கண்டுபிடித்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா, அப்பவே கட்டி ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

அண்ணிக்குக் கிருமி இல்லை. பையனுக்கு இருந்தது. அவனை என் வீட்டிலேயே தங்கவைத்து மருந்து முழுவதையும் கொடுத்தேன். உன்னைப் போலவே "போட்டுட்டேன் அத்தை" என்பான். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விடுவேன். இன்றைக்கு மறுபடி ஊதினான். இப்போது இல்லை. இந்த "இல்லை"யை நீ நம்பலாம்.

எல்லோரும் உன்னை மன்னிக்கச் சொல்கிறார்கள், அண்ணி உட்பட. என்னால் முடியவில்லை. உன்மேல் அவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது. உன்னை இழக்கப் போகிறேன் என்பதை நினைத்தால் அந்த ஆத்திரத்தையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயத் திட்ட வேண்டும். பதில் பேச முடியாவிட்டால் பேச வேண்டாம்.

மன்னிக்க எனக்கு இன்னும் நாளாகும் அண்ணா. அதுவரைக்குமாவது இரு.

உன் வாயாடி