சிவனணைந்தபெருமாளை இறுதி ஆட்டத்தில் இறக்க வேண்டாம்

விடுநர்
கு. காந்திமதிநாதன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
தெற்கு மாசி வீதி, தென்காசி.

பெறுநர்
கனம் தாசில்தார் அவர்கள்,
தலைவர், சாரல் காலச் சடுகுடுப் போட்டிக் குழு,
தென்காசி.

பொருள்: எங்கள் கோஷ்டியில் புதிதாகச் சேர்த்த ஆட்டக்காரரை நீக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சடுகுடுக் கோஷ்டிக்கு நான் ஆலோசகன். முப்பத்தொரு ஆண்டு விஞ்ஞானப் பாடம் நடத்தியவன். கண்ணால் கண்டதையும் கடிகாரத்தில் பார்த்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

2. வெளியூர் ஆளைச் சேர்ப்பது தகுமா என்று ஆனி முதல் வாரம் எங்களுக்குள் விவாதம் நடந்தது. எதிர்க் கோட்டுக்குள் மூச்சடக்கிப் பாடிப் போவதற்குக் கடையநல்லூர் யாக்கூப் இருந்தான். என் மாணவன், நெசவாளி. ஆனால் அவன் மூச்சு முப்பது விநாடிதான். செயலாளர் துல்கர்னைன், செங்கோட்டை ரயிலடியில் பார்த்ததாகச் சொல்லிச் சிவனணைந்தபெருமாள் என்பவரை அழைத்து வந்தார். எந்த ஊர், யார் பிள்ளை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

3. சோதனை ஆட்டத்தில் அவர் பாடிப் போனார். நான் கடிகாரம் பிடித்தேன். நான்கு நிமிடம் ஆகியும் பாட்டு நிற்கவில்லை. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எதிரே நின்ற யாக்கூபைத் தொட்டுவிட்டு, நடந்தே கோட்டுக்குத் திரும்பினார். இவர் வேண்டாம் என்றேன். "சார்வாள், மூச்சு உள்ள ஆளு வேணும்னுதானே தேடினோம்? இப்ப மூச்சு கூடிப்போச்சுன்னு சொல்லுதியளே!" என்றார் துல்கர்னைன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது என் பிழை.

4. வகுப்பில், எரியும் மெழுகுவர்த்திமேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவேன். சுடர் உடனே அணையாது. சிறுகச் சிறுகக் குறுகும். அந்தச் சோதனை ஆட்டத்துக்குப் பின் யாக்கூப் அப்படிக் குறுகினான். முப்பது விநாடி இருபதாயிற்று, பிறகு பத்து. இப்போது தன் தாயார் சுல்தான் பீவியின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல அவனால் முடியவில்லை. நெஞ்சில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார் டாக்டர்.

5. பாடும்போது கடைசி எழுத்தை மூக்கால் இழுப்பது யாக்கூபின் வழக்கம். சென்ற வாரம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். நாங்கள் கரையேறிய பின்னும் தண்ணீருக்குள் சடுகுடுப் பாட்டு கேட்டது, அதே மூக்கிழுப்பு. யாக்கூபோ என் பக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றான். "சார்வாள், அது என் கொரலுல்லா," என்றான். அருவிக்குள்ளிருந்து வெளியே வந்தவர் சிவனணைந்தபெருமாள்.

6. துல்கர்னைன் அன்று சிரிக்கவில்லை. இருந்தாலும், "ஒரே ஒரு ஆட்டம் சார்வாள், கப்பு வந்ததும் அனுப்பிருவோம்," என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் எதிர்க் கோஷ்டியில் நிற்கப்போகிறவர்கள் ஏழு பேர். ஏழும் ஊரான் வீட்டுப் பிள்ளைகள்.

7. செவ்வாய்க்கிழமை நானே அவரிடம் போய், ஊர் திரும்பும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மிகுந்த மரியாதையுடன் என் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். தங்கள் தாலுகா கச்சேரிப் படியேறி இத்தனையும் சொல்லி முடிக்க இப்போது என்னிடம் மூச்சு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இன்று காலை மைதானத்தைக் கடந்தபோது, பின்வரிசைப் பையனுக்கும் விளங்கும்படி நிறுத்தி நிதானமாக ஒரு குரல் சடுகுடு பாடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலில்தான் முப்பத்தொரு ஆண்டு பாடம் நடத்தினேன்.

ஆகவே, ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கி உத்தரவிடும்படி வேண்டுகிறேன். அதற்குள் உத்தரவு போட இயலாவிட்டால், ஆட்டம் தொடங்குமுன் தாங்கள் வரிசையாகக் கை கொடுத்து வரும் வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டால் போதும்.

தென்காசி,
17-7-1958.

தங்கள் நலம் நாடும்,
கு. காந்திமதிநாதன்