கோயில்காட்டில் நான் ஆசைப்பட்ட செடி

மீனா அப்பச்சி அவர்களுக்கு,

நீங்கள் பர்மாவில், மோல்மீனில் இருந்தவரை கப்பல் தவறாமல் கடிதம் போட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருஷமாக எழுதவில்லை. எந்த விலாசத்துக்குப் போடுவது? இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என்னால் உங்கள் பெயருக்கு ஒரு தலைகுனிவு வந்திருக்கிறது. அதை வேறு யார் வாயிலிருந்தும் நீங்கள் கேட்கக்கூடாது.

முதலில் வீட்டுச் சேதி. நம் மகள் மீனா கீழச்சிவல்பட்டியில் மாமியார் வீட்டில் சுகமாக இருக்கிறாள். மாப்பிள்ளை தை பிறந்ததும் பினாங்குக்குக் கப்பல் ஏறிவிட்டார். இங்கே கானாடுகாத்தானில் இரண்டாங்கட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று. உங்கள் தமக்கை பெரியாச்சிக்கு முட்டுவலி அதிகம். குரலுக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

இனி அந்தச் செடி விஷயம். நீங்கள் கடைசிக்கு முந்தின பயணத்தில் ஒரு கூடை கொண்டுவந்தீர்களே, நினைவிருக்கிறதா? தேங்காய் நாரில் சுற்றிய காய்ந்த குச்சிகள். ஏதோ மருந்து வேர் என்றுதான் நான் நினைத்தேன். துரைமார் இதை ஆர்க்கிட் என்பார்கள், இதற்கு மண் வேண்டாம், மரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றையும் மழையையும் குடித்தே வாழ்ந்துவிடும் என்றீர்கள். ஒரு வாளி தண்ணீர் இறைத்தறியாத நீங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிப் பூவரசில் அதை உங்கள் கையாலேயே கட்டினீர்கள்.

மோல்மீனில் ஒரு பர்மாக்காரத் தரகரைப் பற்றியும் அன்று சொன்னீர்கள். மொட்டு விரிகிற வாரம் வந்துவிட்டால் அந்த மனிதர் நெல் விலை பேசக்கூட ஊரைவிட்டு நகரமாட்டாராம். பைத்தியம் என்றேன் நான்.

"நானும் அப்புடித்தான் சொன்னேன். இப்ப என்னையப் பாரு" என்று சிரித்தீர்கள்.

திரும்பிப் போனபிறகு உங்கள் கடிதங்களில் என் உடம்பைப் பற்றி ஒரு வரி, செடியைப் பற்றி நாலு வரி. எனக்கு எரிச்சலாக இருந்தது. இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாகத் தொங்கியபோது, செத்துவிட்டது என்று கொஞ்சம் திருப்தியோடுதான் எழுதினேன். தொடாதே, இலையை உதிர்த்துவிட்டுத்தான் அது பூக்கும், அதுவரை தண்ணீர்கூட ஊற்றாதே என்று பதில் வந்தது. நீங்கள் சொன்னதற்காக விட்டுவைத்தேன். பிரியத்தால் இல்லை.

அப்புறம் நீங்களே காய்ச்சலோடு வந்து இறங்கினீர்கள். மாசி முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

என்னை உள் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த அறையின் சன்னல் கிணற்றடியைப் பார்த்தது. யாரோ ஒரு சொந்தக்காரி என் தோளைக் கட்டிக்கொண்டு உங்களைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். என் கண் சன்னல் பக்கம் போனது. அந்தக் காய்ந்த குச்சிகளில் நுனியிலிருந்து அடிவரை பூ. வெளிறிய ஊதா நிறம், நடுவில் பாலாடை போல ஒரு மடல், காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

எப்படி எழுதுவேன்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களை எரித்த சூடு ஆறவில்லை, தாலி கழற்றிய கழுத்து இன்னும் பழகவில்லை, எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று அந்தப் பூவைப் பார்த்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எல்லோரும் நான் அழுவதாக நினைத்தார்கள். என் முகத்தை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்றுதான் மூடினேன்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. ஏன் பிடித்தது என்று நானே பலநாள் யோசித்திருக்கிறேன். வெள்ளைச் சீலை கட்டியபின் வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் தள்ளி நிற்க வேண்டும், யாராவது பயணம் புறப்பட்டால் எதிரே வரக்கூடாது. கொல்லையில் மல்லிகை பூத்தால், நான் பறித்துக் கொடுக்கலாமா கூடாதா என்று மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் இந்தப் பூவைத் தலையில் வைக்க முடியாது, சரமாகத் தொடுக்க வராது, சாமிக்கும் யாரும் சாத்துவதில்லை. அதனால் இதைத் தொடாதே என்று என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கென்று மிச்சமிருந்த பூ அது ஒன்றுதான்.

உங்களுக்கும் அப்படித்தானோ என்று இப்போது நினைக்கிறேன். அங்கே கடையும் தங்கலும் ஒன்றான கிட்டங்கியில் அத்தனை செட்டியார்களும் ஒரே கூடத்தில், ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய் விரிக்கிற இடம் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பிடி மண் உங்களுடையதில்லை. மண் கேட்காத செடி ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் ஒருதரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

விடிந்ததும் நான் போய் நிற்கும் இடம் கிணற்றடிதான். வேரின் நுனி பச்சையாக இருந்தால் அன்றைக்கு முழுவதும் மனசு லேசாக இருக்கும். புது முளை விட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். நேற்றுப் பார்த்ததுதான் என்றாலும் பார்ப்பேன். அவசரப்படுத்தவே முடியாத ஒன்றின் பக்கத்தில் நிற்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ரங்கூனிலிருந்து திரும்புகிற சொந்தக்காரர்களிடம் பட்டு வேண்டாம், சட்டி வேண்டாம், செடி கொண்டாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரியாமல் இல்லை.

பெரியாச்சி வாய் ஓயவில்லை. "புல்லுருவியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள கட்டிவச்சா குடும்பம் வெளங்குமா?" என்று கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் கேட்பார். புல்லுருவி மரத்தை உறிஞ்சும், இது மரத்தின் கையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

போன வைகாசியில் மீனாவைப் பார்க்கக் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். ஊர் எல்லை ஐயனாருக்குப் பொங்கல் வைத்தார்கள். நான் எல்லோருக்கும் பின்னால் நடந்து போனேன். அந்தக் கோயில்காட்டில் ஒரு பெரிய இலுப்பை மரம். ஏதோ வாசனை வருகிறதே என்று அண்ணாந்து பார்த்தேன்.

கிளை பிரிகிற இடத்தில் ஒரு செடி. ஓலைக்கீற்றுப் போலத் தடித்த இலை, தொங்குகிற வெள்ளை வேர். அதிலிருந்து ஒரு பூந்தண்டு. பழுப்பு மஞ்சளில் பிரம்புக்கூடைப் பின்னல் போலக் கோடு போட்ட இதழ்கள், நடுமடல் மட்டும் நீலம். கடல் தாண்டிப் போய்த்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேனே, நம் வெயிலில், நம் மரத்தில், யாரும் கட்டிவைக்காமலே நின்றது. அதன்பிறகு பொங்கல் பொங்கியதா, யார் என்ன பேசினார்கள், ஒன்றும் எனக்கு ஏறவில்லை.

அந்தக் காட்டில் ஓர் இலை கிள்ளக்கூடாது. விறகுக்குச் சுள்ளிகூடப் பொறுக்கமாட்டார்கள். எனக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த நேரம், சம்பந்தி வீட்டுக் கொல்லையில் சாத்தியிருந்த துரட்டியை எடுத்துக்கொண்டு போனேன். முருங்கைக்காய் பறிக்கிற துரட்டி. ஒரு செட்டியார் வீட்டுப் பெண்பிள்ளை, அதுவும் நான், தனியாக, வெயிலில், தோளில் கம்போடு. கொஞ்சூண்டு பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். கொக்கியை மாட்டி இழுத்ததும் கிளையே முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த பறவையெல்லாம் எழுந்து கத்தின.

பூசாரி வேளார் பக்கத்துக் குடிசையிலிருந்து வந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் வந்தார்கள். செடி என் மடியில் இருந்தது. சீலை கிழிந்திருந்தது. ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. யாரோ போய்ச் சொல்ல, சம்பந்தி ஆச்சியும் மீனாவும் வந்தார்கள்.

வேளார் சத்தம் போடவில்லை. "ஆச்சி, என்ன காரியம் செஞ்சீக?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தி ஆச்சி முன்னால் வந்தார். மருந்துக்குத்தான் எடுத்திருக்கிறார்கள், இவர்கள் நாத்தனாருக்கு முட்டுவலி, இந்த வேரை அரைத்துப் போட்டால் கேட்கும் என்று வைத்தியர் சொன்னார், ஊர் வழக்கம் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். அந்த நேரத்தில் அவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொய். எனக்காக, நம் மீனாவுக்காகச் சொன்னது. மருந்துக்கென்றால் ஐயனாரே கொடுத்ததாக இருக்கட்டும், எடுத்துப் போங்கள் என்றார் வேளார்.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். மானமும் மிஞ்சியிருக்கும், செடியும் கிடைத்திருக்கும். மீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டு ஆத்தா, ஆட்டு என்று அந்தக் கண் கெஞ்சியது.

என்னால் முடியவில்லை. அந்தப் பூவை மடியில் வைத்துக்கொண்டு அது மருந்து என்று சொல்ல வரவில்லை.

"மருந்துக்கில்ல. பாக்குறதுக்கு. ஆசப்பட்டு எடுத்தேன்" என்றேன்.

ஆடு மேய்க்க வந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி ஆச்சியின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. வேளார் வெகுநேரம் முறிந்த கிளையைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே கட்டிவிடுங்கள் என்றார். கிழிந்த சீலையிலிருந்து இன்னும் இரண்டு கீற்றுக் கிழித்து, கை எட்டுகிற உயரத்தில் அடிமரத்தோடு கட்டினேன். பூந்தண்டு ஒடிந்து தரையில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பாய் போட்டார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. சாயங்காலம் சம்பந்தி ஆச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க மானத்தக் காப்பாத்தத்தானே நான் வாயத் தொறந்தேன். ஊருக்கு முன்னால என்னையப் பொய்காரி ஆக்கிட்டீகளே" என்றார்.

நான் திருடினேன் என்பதைவிட இதுதான் எனக்கு இன்றுவரை சுடுகிறது. உண்மையைச் சொன்னேன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ளக்கூட வழியில்லை. அந்த உண்மைக்கு நான் கொடுத்தது என் மானத்தை மட்டும் இல்லை, என்மேல் இரக்கப்பட்ட ஒருத்தியின் மானத்தையும் சேர்த்து. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை, சற்றுப் பொறுத்து விளக்கேற்ற எழுந்து போனார். வண்டி ஏறும்போது மீனா கதவோரம் நின்றாள். வாசலுக்கு வரவில்லை.

ஆடி முழுவதும் அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. இங்கே பெரியாச்சிக்கு எப்படியோ காதுக்கு வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. கிணற்றடிக்குப் போகவே எனக்குக் கூசியது. செடிகளையெல்லாம் அவிழ்த்து எறிந்துவிடலாம் என்று ஒருநாள் முடிச்சில் கைவைத்தேன். வேர் பூவரசின் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்தது. விட்டுவிட்டேன்.

ஆவணியில் நம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சம்பந்தி ஆச்சியும் மீனாவும் கானாடுகாத்தான் வந்தார்கள். முறைக்கு நம் வீட்டுக்கும் வந்தார்கள். நான் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. கொஞ்சநேரம் கழித்து மீனா உள்ளே வந்தாள். வேளார் கேட்கச் சொன்னாராம், மரத்தில் கட்டிய செடிக்கு வேர் ஊன்றிவிட்டது, துணியை அவிழ்க்கலாமா என்று. அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். எனக்கு ஒத்தாசையாகத் தேங்காய் துருவினாள். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

சம்பந்தி ஆச்சி எங்கே என்று கேட்டேன். கிணற்றடியில் என்றாள்.

போய்ப் பார்த்தால், பூ ஒன்றும் இல்லாத அந்தக் குச்சிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"இதுல அப்புடி என்னதான் இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கே தெரியவில்லை என்று சொன்னேன். ஒரு குச்சியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"பூக்கும்போது சொல்லிவிடுங்க. வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என்னை மன்னித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள மாட்டேன். வெட்கம் என்னைவிட்டுப் போகவில்லை. உங்களுக்கு இதை எழுதும்போதும் மை காயும்வரை காகிதத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் கோபித்திருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா? அந்த நீலமடலைப் பற்றி முதலில் கேட்டிருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த மாசியில் மொட்டு விரிந்ததும் கீழச்சிவல்பட்டிக்கு வண்டி அனுப்புவேன். சம்பந்தி ஆச்சி வந்து பார்க்கும்போது அறைக்குள் போகமாட்டேன், முகத்தை மூடிக்கொள்ளமாட்டேன். அவர் பக்கத்தில் நின்று, எனக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு நேரம் நானும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள் மீனாவின் ஆத்தா