நச்சி வந்த மங்கை

ஆவணி 2, 1974. போடி.
காலையிலிருந்து சாரல். துவைத்த சேலை காயவில்லை. ஏழாம் வகுப்பு விடைத்தாள் பாதி திருத்தியாச்சு.

சாயங்காலம் ராசம்மா வந்தாள். ஏலக்காய்க் கடைக்காரி. மகன் சுந்தரத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவள். மாப்பிள்ளை ஏன் ஒரு வார்த்தையும் பேசலைன்னு அன்னைக்குக் கேட்டேன், அவ்வளவுதான். "அவ நாக்குல விஷம்"னு கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் எனக்கு ஒரு வரனும் வரலை.

இன்னைக்குக் கூசாமல் கேட்கிறாள்: "சுந்தரத்துக்குக் கல்யாணம் வச்சிருக்கு. பொண்ணு பேரு செல்வி. தமிழ் டீச்சருல்ல, வாழ்த்துப்பா ஒண்ணு எழுதிக் குடு ஆத்தா."

சரின்னேன். கோபத்தில்.

ஆவணி 3
பள்ளிக்கூடத்தில் அகராதி புரட்டினேன். விஷம், வடசொல். நஞ்சு, நம்ம சொல். பாம்போடு சேர்ந்தால் நச்சுப்பாம்பு. அதே பக்கத்தில் இன்னொரு நச்சு. நச்சுதல்: விரும்புதல், ஆசைப்படுதல்.

இங்கிலீஷ் டீச்சர் கிரேஸிடம் காட்டினேன். "விஷத்துக்கு இங்கிலீஷ்ல வெனம், அதுவும் அப்படித்தான்க்கா. லத்தீன்ல மொதல்ல வசிய மருந்தாம். பெறகுதான் விஷமாச்சு. ஆமா, யாருக்குக்கா மருந்து?"

அகராதியை மூடினேன்.

எழுதியாச்சு: 'மன்னவனை நச்சி வந்த மங்கை செல்வி வாழ்க.' அர்த்தம் சுத்தம். எவனும் குறை சொல்ல முடியாது.

ஆவணி 13
கல்யாணம். கடைசி வரிசை. ராசம்மாவின் தம்பி மைக்கில் வாசித்தான். "நச்சி"யில் திக்கினான். பந்தலெல்லாம் குசுகுசு. "நச்சாமுல்ல!" சிரிப்பு. ராசம்மா முகம் சுண்டிப்போச்சு. "ஏலே, போதும்லே! எறங்கு!"

பாயசம் ரெண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன்.

ஆவணி 20
தலைவலி. வெயில்.
கிரேஸ் சொன்னாள், ராசம்மா மருமகளை நச்சுன்னுதான் கூப்பிடுறாளாம். "ஏ நச்சு, தண்ணி கொண்டா." கடைக்கு வர்றவுகளுக்கும் அதே பேர் பழகிப்போச்சாம்.

அந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன பகை? ஒண்ணுமில்லை. ராசம்மாமேல்தான். இப்ப ரெண்டு மடங்கு.

ஆவணி 21
பள்ளி விட்டதும் நேரே கடைக்கு. வியாபாரிகள் நாலைந்து பேர். சுந்தரம் கல்லாவில். செல்வி உள்ளே ஏலக்காய் பொறுக்கிக்கொண்டு.

ராசம்மாவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "நச்சுறதுன்னா ஆசைப்படுறது. உங்க மருமக ஆசைப்பட்டு வந்தான்னு எழுதினேன். அகராதியப் பாருங்க. என்னைய விஷம்னு சொன்னீகளே, அதுக்குத்தான் வேற அர்த்தமே கெடையாது."

எல்லாரும் கேட்டாக. "ஏலே சுந்தரம், பாத்துக்கிட்டே இருக்கியே!"ன்னாள் ராசம்மா. அவன் தராசைத் துடைத்தான்.

செல்வி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணும் ஆசைப்பட்டு வரலை டீச்சர்."