உங்களைக் குளிப்பாட்டிய அன்று

இன்று காலை ஒரு பஸ் நிறைய வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள், அக்கா. அலுவிகாரையில் நம் ஸ்பைஸ் கார்டனில் எப்போதும் நடக்கிற கூத்துதான். மிளகுக் கொடி, கொக்கோ மரம், கறுவாப் பட்டை எல்லாம் காட்டி முடித்து, கடைசியில் ஒரு பெரிய மனிதரைக் கொட்டகையில் உட்காரவைத்து, காலில் அந்த முடி எடுக்கும் க்ரீமைப் பூசினார்கள். சற்றுப் பொறுத்துத் துணியால் துடைத்ததும் முடியெல்லாம் துணியோடு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பின்பக்கம் போத்தல்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த மணம் அங்கேயும் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து, அதற்கடியில் கெட்டுப்போன முட்டை மாதிரி ஒன்று. கை நின்றுவிட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி ஒட்டத் தொடங்கினேன்.

அந்த க்ரீமில் பாதியைத் தீர்த்தது நீங்கள்தானே! "வெள்ளக்காரன் காலுக்கு ஒரு டப்பா, என் தாடைக்கு ரெண்டு டப்பா" என்பீர்கள். மற்றவர்கள் வேலைக்கு வருமுன் குழாயடியில் நின்று பூசிக்கொள்வீர்கள். தாடை சிவந்து எரியும். எரியட்டும் என்று விட்டுவிடுவீர்கள். பிறகு கழுவி, பொட்டு வைத்து, சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு நீங்கள் பொதி கட்டும் மேசைக்கு வந்தால் உங்களை யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. சொன்னவன் தொலைந்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். கிராப்புத் தலை, சட்டை, ஆண்கள் போடும் களிசான். "ஏய், ஒன்ன நான் தம்பிங்கிறதா, தங்கச்சிங்கிறதா?" என்றீர்கள்.

"ரெண்டும் வேணாம்க்கா."

"வீட்டுல எப்படி வளத்தாங்க?"

"பொம்பளப் புள்ளயாத்தான்."

"அப்ப ஆம்பளயா மாறப் போறியா?"

"அதுவும் இல்ல."

நீங்கள் கிராம்பை அள்ளிப் பைகளில் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம், "சரி, தம்பிச்சின்னு கூப்பிடுறேன், சண்டைக்கு வராத" என்றீர்கள். அப்படி ஒரு சொல் எந்த ஊரிலும் கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் சண்டைக்கு வந்ததெல்லாம் நீங்கள்தான். நம் போன்றவர்களுக்கென்று மாத்தளை டவுனில் நடந்த அந்தப் பயிற்சிக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வர வேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ், தரையில் நீளமாக ஒரு கயிற்றைப் போட்டார். இந்தத் தலைப்பு ஆண், அந்தத் தலைப்பு பெண், உங்கள் மனதுக்கு எது சரியோ அங்கே போய் நில்லுங்கள் என்றார். நீங்கள் ஹேண்ட்பேக்கையும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்ப் பெண் பக்கத்தின் கடைசி நுனியில் நின்றீர்கள். இன்னும் ஓரடி தள்ளி நின்றிருந்தால் சுவரில் முட்டியிருப்பீர்கள். உங்களைப் போலவே பெண்ணாக வாழும் உங்கள் கண்டித் தோழி பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு மூன்று தம்பிமார் ஆண் பக்கத்துக் கோடிக்குப் போனார்கள். சிலர் நடுவில் அங்கங்கே நின்றார்கள். ஒருவர் நின்ற இடத்தை இரண்டு தரம் மாற்றிக்கொண்டார். நான் கயிற்றில் ஏறவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆண், பெண் இரண்டில் ஒன்றென்றால் பைனரி, இரண்டிலும் அடங்காதவர் நொன் பைனரி என்று அந்த மிஸ் விளக்கினார். உங்கள் முகம் அப்போதே கறுத்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் பிடித்துக்கொண்டீர்கள்.

"நான் எவ்வளவு அடி வாங்கி பொம்பளயா நிக்கிறேன் தெரியுமா? எங்கப்பா அடிச்சாரு, ரோட்டுல போறவன் அடிச்சான். நீ நோகாம உக்காந்துக்கிட்டு ரெண்டும் இல்லங்கிற. அப்ப நான் அடி வாங்கினதெல்லாம் எதுக்கு?"

"ஒங்கள யாருக்கா இல்லன்னு சொன்னா? நான் என்னயத்தான் சொல்றேன்."

"ஊருக்காரன் அப்படி நெனைப்பானா? ஒன்னயப் பாத்துட்டு, இதுங்கல்லாம் நடுவுல உள்ளதுங்கன்னு என்னயும் சேத்துத்தான் சொல்லுவான். நான் நடுவுல இல்ல. நான் முழுசா பொம்பள."

எனக்குப் பதில் இருந்தது. எனக்கும் அடி விழுந்திருக்கிறது, நோகாமல் உட்கார்ந்தவள் என்றோ உட்கார்ந்தவன் என்றோ என்னைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் நீங்கள் சொன்னதிலும் பொய் இல்லை. அப்படித்தான் ஊர் நம் இருவரையும் ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டியது. இறங்கும்போது கோபத்தோடே எனக்கு ஒரு கடலைச் சுருள் வாங்கித் தந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களை ஆண்கள் வார்டில் போட்டார்கள். ஈரல் கெட்டுப்போயிருந்தது. பார்க்க வரும்போது போர்வையைத் தாடைவரை இழுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். முடி வளர்ந்திருந்ததை நான் பார்க்கக் கூடாதாம். அன்றைக்குத்தான் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். "தம்பிச்சி, என் தம்பி என்னய லயத்துக்குத்தான் கொண்டு போவான். வேட்டி கட்டி அனுப்பிறப் போறான். விட்றாத." விடமாட்டேன் என்றேன். வேறென்ன சொல்ல?

நீங்கள் கண்ணை மூடியதும், சொன்னபடியே உங்கள் தம்பி உங்களை யட்டவத்த பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அந்த லயத்துக்கே கொண்டுபோனார். சேதி கேட்டு நான் உங்கள் அறைக்குப் போய், அந்த அரக்குச் சேலையையும் வளையலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். க்ரீம் டப்பா ஒன்றும் பையில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது மடிப்புக் கலையாத புது வேட்டி நாற்காலியில் இருந்தது.

உங்கள் தம்பி கெட்டவர் இல்லை, அக்கா. அழுது கண் வீங்கி இருந்தார். "எங்கப்பாவுக்கு மூத்த மகன். மகனாத்தான் போகணும்" என்றார். நான் முடியாது என்றேன். அது அவங்க கடைசியாக் கேட்டது என்றேன். சத்தம் கூடியதும் தோட்டத்துத் தலைவரைக் கூப்பிட்டார்கள். பெரியவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இரு பக்கமும் கேட்டார். அவருடைய நியாயம் நேரானது.

"பொம்பளன்னா சேல கட்டலாம். ஆனா பொம்பளய பொம்பளதான் குளிப்பாட்டணும். இங்க உள்ளவங்க யாரும் தொட மாட்டாங்க. யாரு இருக்கா?"

சாவுக்கு வந்திருந்த உங்கள் கண்டித் தோழி முன்னால் வந்தாள். "நீயும் அதே கேசுதானம்மா" என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாரு? ஆம்பளயா, பொம்பளயா?"

இந்த ஒரு கேள்விக்கு ஒரு சொல் பதில் சொல்ல மாட்டேன் என்றுதான் நான் வீட்டை விட்டு வந்தேன். அந்தச் சொல்லை ஒரு தரமாவது சொல் என்று என் அம்மா காலில் விழாத குறையாக அழுதார். சொல்லவில்லை. ரெண்டும் இல்லை என்பது எனக்கு வாய்ப்பேச்சு இல்லை, அக்கா. நான் மூச்சு விடும் இடம் அது. ஆனால் அங்கே நின்று அதைச் சொன்னால் அந்த வேட்டியை உங்களுக்குக் கட்டிவிடுவார்கள்.

"பொம்பளதான்" என்றேன்.

"களிசான போட்டுக்கிட்டா?"

"பொறந்ததுலருந்து பொம்பளதான். எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

உள்ளே ஏதோ அணைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தலைவர் தலையை ஆட்டினார். உங்கள் தம்பியின் மனைவி உள்ளே போய் ஒரு சேலையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். "இதக் கட்டிக்கிட்டு வாங்கக்கா" என்றாள். சேலை எனக்குக் கட்டத் தெரியாது. அவள்தான் கட்டிவிட்டாள்.

லயத்துக் கோடியில் சேலைகளைக் கட்டி மறைத்து உங்களைக் குளிப்பாட்டினேன். முதலில் தாடைக்கு க்ரீமைப் பூசி, பொறுத்திருந்து துடைத்தேன். முழுதும் வரவில்லை. மறுபடி பூசினேன். இந்த முறை எரியவில்லை உங்களுக்கு. தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றினாள். சேலை கட்டி, வளையல் போட்டபோது திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவளே தன் டப்பாவைத் திறந்து உங்களுக்குப் பொட்டு வைத்தாள். நீங்கள் அழகாக இருந்தீர்கள், அக்கா. சொல்லிவிடுகிறேன். ரொம்ப அழகாக இருந்தீர்கள்.

தப்பு மேளம் அடித்து உங்களைத் தூக்கினார்கள். நான் பாட்டுக்குக் கூட்டத்தோடு நடந்தேன். எத்தனையோ சாவுகளுக்குச் சட்டையோடு மயானம்வரை போயிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. ரோடு வளையும் கோயில் முடக்கு வந்ததும் தலைவர் திரும்பினார். "நீ எங்கம்மா வர்ற?" என்றார். திட்டவில்லை. வழக்கத்தைச் சொன்னார். பெண்கள் அந்த முடக்கோடு நின்றுவிடுவார்கள். நான் பெண் என்று சொல்லி அரை நாள்கூட ஆகவில்லை.

நின்றேன். பெண்களோடு நின்றேன். பெண் என்றே பார்க்கப்படாத உங்கள் தோழியும் எங்களோடு நின்றாள், அவளை மட்டும் யாரும் எங்கே நிற்பது என்று கேட்கவில்லை. மதகுக் கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அரக்குச் சேலை தேயிலைக்குள் ஏறி மறைந்தது. உங்கள் மேல் ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதில் எனக்குக் கோபம்தான். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உங்கள் மேலும் கொஞ்சம்.

நீங்கள் போன பிறகும் நான் மாறவில்லை. சேலையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கயிற்றைத் தரையில் போட்டால் ஜன்னலோரம்தான் உட்காருவேன்.

ஆனால் போன ஞாயிறு யட்டவத்த சந்தையில் உங்கள் தம்பி மனைவியைக் கண்டேன். என்னைக் கண்டதும், "அக்கா!" என்று கூப்பிட்டாள். பக்கத்தில் ஒரு பெண் என் தலையையும் சட்டையையும் பார்த்து, இது யார் என்று அவளைக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரோட அக்கா இருந்தாங்கல்ல, செத்துப் போனாங்களே" என்றாள் அவள். உயிரோடு இருந்தவரை அவள் வாயில் நீங்கள் அவரோட அண்ணன். "அவங்கள இவங்கதான் குளிப்பாட்டினாங்க. பொம்பளய பொம்பளதானே குளிப்பாட்டணும்."

இல்லை தங்கச்சி, நான் பொம்பள இல்லை என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் உங்களைக் குளிப்பாட்டியது யார் என்று ஆகியிருக்கும்?

"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன் தங்கச்சி" என்றேன்.