தொண்ணூறு நாள் ஜனாதிபதியும் ரொட்டிக்காரியும்

கோயாபாம்பா
9 செப்டம்பர் 1971

அன்புக்குரிய கோமாத்ரே எர்மீனியாவுக்கு,

இங்கே அடுப்பும் நானும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை, வானொலிக்காரன் மணிக்கொரு தரம் சொல்லிவிடுகிறான்.

நீ பதவிப் பிரமாணம் எடுத்ததைக் கேட்டுக்கொண்டு நின்றதில் ஒரு தட்டு ரொட்டி கரிந்துபோனது. பக்கத்து வீட்டு பசீலியா ஓடி வந்தாள். "அடியே சாத்துகா, இனிமே நீ மாவுக்கு வரிசையில நிக்கவே வேணாம்டி. அரண்மனையிலேருந்து மூட்டை மூட்டையா வரும்!" என்றாள். "அவ தேர்தல் வரைக்கும், தொண்ணூறு நாளைக்குத்தான்டி ஜனாதிபதி. மூட்டை இந்த மலைமேல ஏறவே எழுபது நாளாகும்" என்றேன். கடை முழுக்கச் சிரிப்பு.

ஆண்டுகொண்டிருந்த ஜெனரல் விமானம் ஏறி ஓடிவிட்டார். துணை ஜனாதிபதிக்குக் காய்ச்சல். செனட் தலைவருக்கு அன்று காலையே நெஞ்சுவலி. ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் உடம்புக்கு முடியாமல் போனதால், அழுகிற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுப்பதுபோல, கீழவைத் தலைவியான உன்னிடம் நாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் எனக்குப் பெருமைதான்.

சரி, சிரித்தது போதும். நம் பிள்ளை நிக்கானோரை ஆகஸ்ட் 17 அன்று பிடித்துக்கொண்டு போனார்கள். சுரங்கத் தொழிலாளர் வானொலியில் அவன் வாசித்துக்கொண்டிருந்தபோதே வந்து தூக்கினார்கள். இந்த வருடம் சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்டுச் செத்தவர்களின் பெயர்களைத்தான் வாசித்தான், வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. தலைநகரின் மேட்டில் இருக்கிற படைமுகாமில் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

நீ இங்கே டீச்சராக வந்து என் பின்னறையில் குடியிருந்த காலத்தில் அவனுக்கு முதல் முடி வெட்டினவள் நீ. அது விளையாட்டுக் காரியமில்லை என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து நீ அவனுக்கு ஞானத்தாய், எனக்குக் கோமாத்ரே. பெற்றவள் பாதி, நீ பாதி. உன் பாதிக்காகத்தான் கேட்கிறேன். ஒரு கையெழுத்துப் போடு, பிள்ளை வீட்டுக்கு வரட்டும்.

உன்
சாத்துகா

~

தலைநகர்
24 செப்டம்பர் 1971

என் பிரியமுள்ள சாத்துகா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். இந்த மாளிகையில் இரண்டையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஜனாதிபதியின் நெஞ்சுப்பட்டை அகன்ற மார்புள்ள ஆண்களுக்காகத் தைத்தது. எனக்கு முழங்கால் வரை தொங்குகிறது. வேலைக்காரப் பெண் இடுப்பில் ஊசி குத்தி நிறுத்தியிருக்கிறாள். நான் அறைக்குள் நுழைந்தால் ராணுவ அதிகாரிகள் எழுந்து நிற்கிறார்கள், ஆனால் அவசரப்படுவதில்லை. நாற்காலி எனக்கு, சாவிக்கொத்து அவர்களுக்கு.

நிக்கானோரைப் பற்றித் தளபதி ஒசோரியோவிடம் முதல் வாரமே கேட்டேன். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "முகாம் எங்க பாடு, தேர்தல் உங்க பாடு. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்துக்குவோம்மா" என்றார். அந்த 'அம்மா' எப்படி விழுந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

என்னால் ஒற்றைக் கையெழுத்தில் அவனை வெளியே கொண்டுவர முடியாது, சாத்துகா. முடிந்தாலும் கூடாது. பதவிக்கு வந்ததும் தன் ஞானமகனைத்தான் முதலில் விடுவித்தாள் என்று மறுநாளே எழுதுவார்கள். எல்லாக் கைதிகளுக்கும் சேர்த்துப் பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்று தயாராகிறது. அதில் அவன் பெயரும் இருக்கும். டிசம்பர் 5 தேர்தல். இருபது வருடத்தில் முதல் முறையாக உன் சுரங்கத்துக்காரர்கள் ஓட்டுப் போடப் போகிறார்கள். அதுவரை பொறுத்துக்கொள். எனக்காக.

என்றும் உன்
எர்மீனியா

~

கோயாபாம்பா
9 அக்டோபர் 1971

கோமாத்ரேவுக்கு,

நான் தலைநகருக்கு வந்துவிட்டுத் திரும்பினேன். சொல்லாமல் வந்தது தப்புத்தான்.

சுரங்கத்துத் தகரம் ஏற்றிய லாரியில் பதினோரு மணி நேரம். ஒரு கூடை ரொட்டியோடு முகாம் வாசலில் நின்றேன். காவலுக்கு நின்றவன் ஏடு ஒன்றைப் புரட்டிவிட்டு, "அப்படிப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா" என்றான். சொல்லிக்கொண்டே கூடையை வாங்கி உள்ளே வைத்தான். "ஆளே இல்லேன்னா ரொட்டி யாருக்குடா?" என்று கேட்டேன். "சத்தம் போடாதே கிழவி" என்றான். எனக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது.

அங்கிருந்து உன் மாளிகைக்கு வந்தேன். "விண்ணப்பம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அம்மாவுக்கு இன்னிக்குத் தூதர்களோட விருந்து" என்றான் ஒரு குமாஸ்தா. கொடி இறக்குகிற வரைக்கும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். உன் கார் வந்தது, முன்னால் நான்கு மோட்டார் சைக்கிள். நான் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். நீ என்னைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

பொறுமை பொறுமை என்கிறாய். உனக்குப் பிள்ளை இல்லை, அதனால் பொறுமை சுலபம். இப்படி எழுதியதற்கு வருத்தப்படுவேன், ஆனாலும் வரியை அடிக்கப்போவதில்லை, இருக்கட்டும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். தொழிற்சங்கத்தில் பாதையை மறிக்கப் பேசுகிறார்கள். தலைவர் புளோரெந்தினோ என்னிடம் வந்து, "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்லைப் போட்டு மறிச்சிடுறோம். தகரம் கீழே இறங்கலேன்னா தம்பி தானா மேல ஏறி வந்துடுவான்" என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

சாத்துகா

~

தலைநகர்
28 அக்டோபர் 1971

என் சாத்துகா,

நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

நிக்கானோர் உயிரோடு இருக்கிறான். என்னை நேரில் பார்க்க விடவில்லை. ஆனால் நான் நம்புகிற மருத்துவர் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து வந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறான், மற்றபடி குறையில்லை. சூப் குடிக்கிறான். உன் அடுப்பைப் பற்றிப் பேசினானாம். அறையில் குளிர் அதிகம், அம்மாவிடம் சொல்லி ஒரு ஜோடி கையுறை அனுப்பச் சொல்லுங்கள் என்றானாம்.

இனி நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். பாதையை மறிக்க விடாதே. கல் ஒன்று விழுந்தால் போதும், கலகம் என்று சொல்லித் தளபதி தேர்தலை நிறுத்திவிடுவார். அந்த ஒரு சாக்குக்குத்தான் அவர் காத்திருக்கிறார். தேர்தல் நடந்த அன்று சாயங்காலம் பொதுமன்னிப்பில் கையெழுத்துப் போடுவேன். இன்னும் முப்பத்தெட்டு நாள்தான்.

என்னை நம்பு.

எர்மீனியா

~

கோயாபாம்பா
4 நவம்பர் 1971

என் கண்ணான கோமாத்ரேவுக்கு,

நீ நூறு வருடம் இருக்க வேண்டும். போன கடிதத்தில் நான் எழுதியதை அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தைத் தொழிலாளர் வானொலியில் நானே வாசித்தேன். 'சூப் குடிக்கிறான்' என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். அப்புறம் நானே சொன்னேன், பாதையை மறிக்க வேண்டாம் என்று. சிலருக்குக் கோபம். "அக்கா சொல்லிட்டாங்க. பாதை தெறந்தே இருக்கட்டும்" என்று புளோரெந்தினோ பேச்சை முடித்துவிட்டார்.

கல்லறைத் திருநாள் வேலையில் நான்கு நாளாக முதுகு ஒடிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சாவு ரொட்டி நான்தானே சுட வேண்டும். குழந்தை உருவத்தில் ரொட்டி, ஆன்மா இறங்கி வர ஏணி ரொட்டி, எல்லாமாக எண்ணூறுக்கு மேல். இந்த வருடம் சுரங்கத்தில் செத்தவர்கள் அதிகம். புது ஆன்மாவுக்கு முதல் வருடம் பசி அதிகம் என்று வீட்டுக்காரிகள் பெரிது பெரிதாகக் கேட்டார்கள்.

இந்த பசீலியாவின் வாயைப் பார். ஒன்றாம் தேதி காலை வந்து, மெதுவாக, "நீயும் சின்னதா ஒரு படையல் போட்டுடேன்டி. ஆள் உசிரோட இருந்தா ரொட்டிய நாமே தின்னுட்டுப் போறோம்" என்றாள். "உசிரோட இருக்குற பிள்ளைக்குப் படையல் போட்டா அது அவன் ஆயுசையே தின்னுடும். எங்க கோமாத்ரே எழுதியிருக்கா, ஜனாதிபதி கையெழுத்து! வெளியே போடி!" என்று கரண்டியை எடுத்துவிட்டேன். தெருவிலேயே படையல் மேஜை விரிக்காத வீடு என்னுடையது மட்டும்தான். தலை நிமிர்ந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

கையுறை அனுப்பியிருக்கிறேன். அல்பாக்கா கம்பளி, இரட்டைப் பின்னல். அவன் கையில் சேர்ந்ததா என்று ஒரு வரி எழுது.

உன்
சாத்துகா

~

புவெர்த்தோ சான் லூக்காஸ்
10 பிப்ரவரி 1972

சாத்துகா,

எல்லைக்கு இப்பால் இந்தத் துறைமுக ஊரில் ஒரு தையல்கடைக்கு மேல் குடியிருக்கிறேன். நவம்பர் 29 காலை, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒசோரியோ வந்தார். பத்து நிமிடம் கொடுத்தார். தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. இன்று அவரே ஜனாதிபதி. அந்த நெஞ்சுப்பட்டை அவருக்குச் சரியாக இருக்கிறதாம்.

அதைச் சொல்ல இதை எழுதவில்லை. எப்படி எழுதினாலும் இது நல்ல கடிதமாகப் போவதில்லை, அதனால் நேராக எழுதுகிறேன். நிக்கானோர் அக்டோபர் 22 அன்று இறந்துவிட்டான். அடித்தே கொன்றிருக்கிறார்கள். முகாமின் பின்புறம் பெயரில்லாமல் புதைத்தார்கள். அந்த மருத்துவர் 24ஆம் தேதி என்னிடம் வந்து சொன்னார்.

நான்கு நாள் கணக்குப் போட்டேன். உனக்குச் சொன்னால் நீ வானொலியில் அழுவாய், பாதை மறிபடும், தேர்தல் போய்விடும். சொல்லாவிட்டால் நாற்பத்திரண்டு நாளில் இந்த நாட்டுக்கு ஒரு நேர்மையான தேர்தல் கிடைக்கும். இவர்களை அதன் பிறகு கூண்டில் ஏற்றலாம். அப்படித்தான் எண்ணினேன். ஐந்தாம் நாள் உனக்கு எழுதினேன். கையுறை என்பதை நானாகவே சேர்த்தேன். பொய் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று சேர்த்தேன். அந்த ஜோடியை நீ பின்னி அனுப்புவாய் என்று அப்போது தோன்றவில்லை.

உன் நவம்பர் கடிதம் வந்த அன்றுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. எண்ணூறு ரொட்டி சுட்டவள் நீ. கல்லறைத் திருநாள் வருகிறது என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. மலைமேல் ஆறு வருடம் இருந்தவள் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற கல்லறைத் திருநாளுக்கு இங்கே, இந்த அறையில், நான் அவனுக்கு ஒரு படையல் போடட்டுமா? ஞானத்தாய்க்கு அந்தக் கடமையாவது உண்டல்லவா? வேண்டாம் என்று நீ சொன்னால் போட மாட்டேன். ஒரு வரி பதில் எழுது.

எர்மீனியா

~

கோயாபாம்பா
2 மார்ச் 1972

திருமதி எர்மீனியா உகார்த்தே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் இருப்பது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவர் வீடு தேடி வந்து சொன்னார். நிக்கானோருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர். "கடைசி நாள் வரைக்கும், எங்க ஞானத்தாய் ஜனாதிபதி ஆயிட்டாங்க, இன்னிக்கு வந்துடுவாங்க, நாளைக்கு வந்துடுவாங்கன்னு எங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கிட்டிருந்தான்மா" என்றார். நீங்களாக எழுதுகிறீர்களா என்று பார்க்கத்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். எழுதிவிட்டீர்கள். அந்த மட்டில் சரி.

ஊர்ச் செய்தி ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நவம்பர் 29 அன்று சிப்பாய்கள் பதினாறு லாரியில் மேலே வந்தார்கள். பாதையில் ஒரு கல்கூட இல்லை. வானொலி நிலையத்தை உடைத்தார்கள். புளோரெந்தினோவை அதன் வாசலிலேயே சுட்டார்கள். பாதையை மறிக்க வேண்டாம் என்று சொன்னது என் வாய். உங்கள் பொய்க்கு நான் குரல் கொடுத்தேன். அவருடைய மனைவி என் கடையில் ரொட்டி வாங்குவதில்லை, அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நாட்டுக்காகச் செய்தேன் என்கிறீர்கள். இருக்கலாம். நான் ரொட்டி சுடுகிறவள், நாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் என்னிடம் உண்மையைச் சொல்லி, பாதையை மறிக்காதே சாத்துகா என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டிருக்கலாம். பெற்றவளிடம் கேட்கக்கூட வேண்டாம் என்று முடிவு செய்தீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி நடுமத்தியானம் பெரிய கருப்பு ஈ ஒன்று என் அடுப்படிக்குள் வந்தது. அந்த நேரத்தில் செத்தவர்கள் ஈயாகத்தான் வருவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். என் தலையை மூன்று தரம் சுற்றியது. வெறும் மேஜைமேல் உட்கார்ந்தது. நான் துண்டை எடுத்து அடித்து விரட்டினேன். வெளியே போகிற வரைக்கும் விரட்டினேன்.

மூன்று வருடம் படையல் போட வேண்டும். முதல் வருடம் தவறினால் என்ன பரிகாரம் என்று குருவானவரைக் கேட்டேன், ஜெபம் சொல்கிற பெண்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் தவறியதில்லையாம்.

நீங்கள் கேட்ட ஒரு வரி இது: போடாதீர்கள். ரொட்டி வைக்க வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம், அந்த மத்தியானம் அவன் பெயரை வாயால்கூடச் சொல்ல வேண்டாம். ஒரு ஆன்மாவை இரண்டு வீட்டில் கூப்பிட்டால் ஒரு வீட்டுக்குத்தான் வரும். போன தரம் இந்த வீட்டில் அவனைத் துண்டால் அடித்தார்கள். நீங்கள் கூப்பிட்டால் அவன் உங்களிடம்தான் வருவான்.

சாத்தூர்னினா கோல்கே